அறுபத்து மூன்றாம் வீட்டில் அணுக்கள் குடியிருக்கின்றன

சித்தி லைலா என்பவளுக்கு ஒதுக்கப்பட்ட வீட்டில் அவளுக்கு முன்பே வேறு யாரோ குடியேறிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வீட்டுப் பூட்டின் திறப்புக் கையில் கிடைக்கும் என்று அரசாங்கக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி விளக்குமாறும் வாளியுமாக விடியவே வந்து நின்றாள். வீட்டு ஜன்னல்களை உள்ளிருந்து கறுப்புக் கடதாசி ஒட்டி அடைத்திருந்தார்கள். கதவில் புதுப் பூட்டு. வாசலில் மும்மொழியிலும் ஒரு பலகை: ‘தேசிய அதிகுளிர் அணு ஆய்வு நிலையம். உள்ளே அணுக்கள் ஓய்வில் உள்ளன. மெதுவாக நடந்து, பேசாமல் திரும்பிச் செல்லவும்.’

லைலா பலகையை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு வாளியை வாசற்படியில் நங்கென்று வைத்தாள். உள்ளே யாரோ ஓர் ஆண் குரல், ‘ஸ்ஸ்ஸ்’ என்றது.

கல்முனைக்குத் தெற்கே, கடலை ஒட்டியிருந்த அவளுடைய பழைய வீட்டையும் புருஷன் அபூசாலியையும் சுனாமி ஒன்றாகக் கொண்டுபோனது. கடல் மறுபடி வரலாம் என்று சொல்லி, கரையோரத்தில் இனி யாரும் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் தடைவலயம் போட்டது. அந்த வலயத்துக்குள்ளேயே பிறகு ஒரு ஹோட்டல் எழும்பியது. கடல் ஹோட்டலுக்கு வராது போலும். லைலாவையும் அவளைப் போன்றவர்களையும் முகாமில் தகரக் கொட்டில்களில் போட்டார்கள். எங்கோ ஒரு நாட்டுக்காரர் இரக்கப்பட்டு, வயலோரத்தில் ‘புது வாழ்வு வீட்டுத்திட்டம்’ என்று நூற்றுக்கு மேல் வீடுகளைக் கட்டிக் கொடுத்தார்கள். வீடுகள் மளமளவென்று எழும்பி முடிந்தன. அதில் முஸ்லிம்களுக்கு எத்தனை, தமிழருக்கு எத்தனை, சிங்களவருக்கு எத்தனை என்ற கேள்விதான் முடியவில்லை. இடையில் யுத்தமே முடிந்துவிட்டது. கேள்வி மட்டும் அப்படியே இருந்தது; லைலாவுக்கு எழுதிய அறுபத்து மூன்றாம் வீடும் கடதாசியிலேயே நின்றது.

அந்தக் கரையில் வீடு என்பது பெண்பிள்ளைக்கு உரியது. மகளுக்குக் கல்யாணம் என்றால் தாய் வீட்டைக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வான். வீடில்லாத பெண்ணுக்கு அழகிருந்தும் படிப்பிருந்தும் பயனில்லை. லைலாவின் மகள் றிப்னாவுக்கு முஸ்தாக் என்ற பையனோடு நிக்காஹ் எழுதியாகிவிட்டது. எழுதிய கையோடு அவன் கட்டாருக்குப் போய்விட்டான். வீடு கிடைத்ததும் மாப்பிள்ளையைக் கூட்டிவருவது என்று பேச்சு. இப்போது அவன் லீவில் வருகிறான். அவனுடைய தாய் ஸுல்பிகா கெட்டவள் இல்லை. ஆனால் அவளுக்கும் பொறுமைக்கு எல்லை உண்டு.

“மச்சி, ஒரு ஊட்டக் காட்டுங்க. ஓலக் கூரையெண்டாலும் கல்லு வெச்ச ஊடா இரிக்கட்டும்,” என்றாள் அவள். “இந்த லீவும் இப்படிப் போனா எங்கட ஆக்கள் வேற கதை கதைக்கத் தொடங்கிருவாங்க. மறுகா என்னைக் குறை சொல்லாதீங்க.”

வேற கதை என்றால் எழுதிய நிக்காஹை முறிக்கிற கதை. அது லைலாவுக்கு விளங்கியது. றிப்னாவுக்கும் விளங்கியது, அவள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

ஆகவே லைலா அந்த வாசலிலிருந்து விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே மீள்கட்டுமான இணைப்புக் கந்தோருக்குப் போனாள். அங்கே வீட்டுப் பிரிவில் இருந்தவர் சரீப் சேர். எதைக் கேட்டாலும் முதலில் மின்விசிறியைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

“ஓம் ராத்தா, அறுபத்து மூண்டு உங்கடதான்,” என்றார். “அதுல ஒரு மாத்தமும் இல்ல. இப்போதைக்கு அணுவுக்குக் குடுத்திரிக்கி.”

“அணுவெண்டா எந்த ஊர் ஆக்கள், சேர்? முஸ்லிமா, தமிழா?”

“ஆக்களில்ல ராத்தா. கண்ணால காண ஏலாத சின்னச் சாமான். உலகத்துல எல்லாமே அதாலதான் ஆகியிரிக்கி.”

“கண்ணால காண ஏலாத சாமானுக்கு ரெண்டு அறையும் குசினியும் என்னத்துக்கு?”

சரீப் சேர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் இருக்கும் என்று லைலா பார்த்தாள். பெருமைதான் இருந்தது.

நடந்தது இதுதான். வீடு கட்டித் தந்த நாட்டுக்காரர், வருஷம் முடிவதற்குள் வீடுகளில் குடியிருப்பு நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏன் என்று கேட்போம் என்று எழுதிவிட்டார்கள். அவர்கள் கேட்டுவிடுவார்களே என்ற பயத்தில் பிரதி அமைச்சர் தலைமையில் கூட்டம் கூடியது. லைலா ஐந்து வருஷமாக அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது ஒருவருக்கும் கேள்வியாகப் படவில்லை. கூட்டத்தில் மூன்று இனத்துப் பிரதிநிதிகளும் மேசையைத் தட்டினார்கள். முதல் வீட்டை எந்த இனத்துக்குக் கொடுத்தாலும் மற்ற இரண்டும் வழக்குப் போடும் என்று தெளிவாயிற்று. அப்போது கொழும்பிலிருந்து வந்து மூலையில் இருந்த ஒரு விஞ்ஞானக் கலாநிதி எழுந்தார். தன் ஆய்வுக்கு ஆள் நடமாட்டமில்லாத, அசைவில்லாத, அமைதியான ஓரிடம் தேடி நாடெங்கும் அலைவதாகவும், குடியேறாத வீட்டுத்திட்டம் போல் அமைதியான இடத்தை வாழ்நாளில் கண்டதில்லை என்றும் சொன்னார்.

“அணுக்களுக்கு இனமில்லை. மதமில்லை. மொழியில்லை,” என்றாராம் கலாநிதி. “அவற்றைக் குடியேற்றினால் எந்தத் தரப்பும் ஆட்சேபிக்க முடியாது.”

மூன்று தரப்பும் ஆட்சேபிக்கவில்லை. அந்தத் திட்டத்தில் எல்லோரும் ஒற்றுமையாகக் கை உயர்த்திய முதல் தீர்மானம் அது. பிரதி அமைச்சர் மட்டும் சற்று யோசித்து, அணுக்களுக்கு வாக்குரிமை உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் கையெழுத்து வைத்தார்.

“எனக்கு இனமிரிக்கிறது குத்தமா போச்சு,” என்றாள் லைலா.

“அப்படிச் சொல்லாதீங்க ராத்தா. கோபப்படாம ஒரு வேலை செய்யுங்க. அந்த நிலையத்துல கூட்டித் துடைக்க உள்ளூர் ஆள் ஒண்டு தேவையாம். நீங்க போனா உங்கட ஊட்டுலயே இரிந்த மாதிரி இரிக்கும்.”

லைலா விளக்குமாற்றை ஒருதரம் நிலத்தில் தட்டிவிட்டு வெளியே வந்தாள். ஆனால் திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். வேறு எந்த வழியிலும் அந்தக் கதவு அவளுக்குத் திறக்காது என்று தெரிந்தபிறகு, ரோசம் பார்த்து யாருக்கு லாபம்.

தன் வீட்டுக்குள் அவள் முதன்முதல் கால் வைத்தது அப்படித்தான். றிப்னாவுக்கென்று அவள் மனதில் நினைத்து வைத்திருந்த அறையில் கட்டிலளவு ஓர் இரும்பு மேசை. அதன்மேல் வரிசை வரிசையாகக் கண்ணாடிகள், வில்லைகள், நடுவில் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிப் பேழை. குசினியில் மின்பெட்டிகள். அடுப்புத் திட்டின்மேல் கணினி. வீட்டுத்திட்டத்துக்கு மின்கம்பம் நட முடியாது, நிதி இல்லை என்று மூன்று வருஷமாகச் சொன்னவர்கள், அணுக்களுக்கு ஒரே வாரத்தில் லைன் இழுத்துக் கொடுத்திருந்தார்கள். ஏசி இரவு பகலாக ஓடியது. முகாமில் தகரம் கொதிக்க, குழந்தைகள் வேர்க்குருவோடு அழுதுகொண்டிருந்தன.

அங்கே வேலைசெய்த ஆய்வு உதவியாளர் துஷாந்தினி, ஆலையடிவேம்பு ஊர்த் தமிழ்ப் பிள்ளை. பௌதிகம் படித்தவள். கலாநிதி இப்போது நிலையத்தின் பணிப்பாளராகிவிட்டதால் அவருக்கு அறிக்கை எழுதவே நேரம் போதவில்லை. லேசரை ஓட்டுவது அவள்தான். லைலாவை அவள் முதல் நாளே ‘உம்மா’ என்று கூப்பிட்டாள்.

“தூசி எழும்பாமக் கூட்டுங்கோ உம்மா. மேசையில மட்டும் முட்டிரப் படாது. ஒருக்கா முட்டினா லேசர் தன்ர நிறத்தை விட்டு விலகிரும். அணுவெல்லாம் ஓடிரும்.”

“எங்க ஓடும் மகள்?”

“கண்டபாட்டுக்கு. அதுகள்ற குணமே ஓடுறதுதான். சும்மா விட்டா விமானத்தை விட வேகமா ஓடும்.” துஷாந்தினி திரையைக் காட்டினாள். கறுப்பில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரிந்தது. “இதுதான். றுபீடியம் எண்டு ஒரு உலோகத்தின்ர அணு. இதுக்குள்ள லட்சக்கணக்கில இருக்கு. ஆறு பக்கத்தால லேசர் அடிக்கிறம். எந்தப் பக்கம் ஓடப் பாத்தாலும் அந்தப் பக்கத்து வெளிச்சம் எதிர வந்து தள்ளும். திரும்பி மற்றப் பக்கம் போனா அங்கயும் தள்ளும். இப்பிடித் தள்ளுப்பட்டுத் தள்ளுப்பட்டு வேகம் குறைஞ்சு, கடைசியில அசையாம நிண்டுரும். அப்ப அதைவிடக் குளிரான சாமான் உலகத்தில இல்ல.”

லைலா அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கிராம சேவகர் கந்தோருக்குப் போனால் மாவட்ட நிர்வாகக் கச்சேரிக்குப் போ என்றார்கள். கச்சேரி, கரையோரப் பிரிவுக்கு அனுப்பியது. கரையோரப் பிரிவு காணிக் கந்தோருக்கு அனுப்பியது. அவர்கள் பொலிஸ் அறிக்கை கொண்டுவா என்றார்கள். பொலிஸ் மறுபடி கிராம சேவகரிடம் தள்ளியது. தனக்கு லேசர் அடித்தவர்கள் யார் யாரென்று அவளுக்கு ஒவ்வொரு முகமாக நினைவு வந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையாகக் கோபம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் அழுகை.

“பாவம்,” என்றாள் திரையைப் பார்த்து. துஷாந்தினி திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாள். “எங்கட அம்மாவுக்கும் இந்தத் திட்டத்தில ஒரு வீடு வரவேணும் உம்மா,” என்றாள்.

புள்ளி கிடைத்த செய்தி கொழும்புக்குப் போனது. பணிப்பாளருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அணுக்களின் நிம்மதிக்காக அறிவித்தல்கள் பறந்தன. அருகிலிருந்த வயல்களில் அறுவடைக்கு மெஷின் இறக்கக்கூடாது; நெல்லை மெதுவாக வெட்டலாம். முகாமில் அரிசி இடிக்கக்கூடாது. மாவு தேவையானால் அக்கரைப்பற்றுக்குப் போய் வாங்கலாம். சொறிக்கல்முனை பஸ் அந்த வளைவில் ஹோர்ன் அடிக்கக்கூடாது. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் ஒலிபெருக்கி பற்றி ஒரே வாசகத்தில் கடிதம் போனது. இரண்டு நிர்வாகமும் ஒரே நாளில், ஒன்றையொன்று கேளாமலே, முடியாது என்ற ஒரே பதிலை எழுதின. அதைத் தன் நிலையம் கட்டியெழுப்பிய இன நல்லிணக்கம் என்று பணிப்பாளர் அறிக்கையில் சேர்த்துக்கொண்டார். கடல் அலையின் அதிர்வு மேசைக்கு வருகிறது என்று கண்டுபிடித்து அதற்கும் ஒரு உபகுழு போட்டார்கள். உபகுழு ஹோட்டலில் தங்கி, கடல் ஒத்துழைக்கவில்லை என்று முடிவுசெய்து திரும்பியது.

பிறகு நீல நிறத்தில் இன்னொரு லேசர் வந்தது. அன்று வீட்டுக்குக் காத்திருந்தவர் எல்லோரையும் பணிப்பாளர் வரவழைத்து, வெயிலில் நிறுத்தி விளக்கம் சொன்னார்.

“இந்தப் புதிய லேசரால் ஓர் அணுவைக் கிளர்த்தி மிக உயர்ந்த நிலைக்குத் தூக்கிவிடுவோம். அப்படித் தூக்கப்பட்ட அணு சாதாரண அணுவை விடப் பல்லாயிரம் மடங்கு பெருத்துவிடும். அதன் சுற்றுவட்டத்தில் இருக்கும் வேறு எந்த அணுவையும் உயர எழும்ப விடாது. இதுதான் தடுப்பு வட்டம். இதில் அநியாயம் எதுவுமில்லை. இயற்கையே அப்படித்தான் இயங்குகிறது.”

இதைக் காண லேசர் எதற்கு என்று லைலா யோசித்தாள். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் ஊரில் வெறுங்கண்ணால் காண்கிற சங்கதிதானே.

“அதே நியதிப்படி,” என்று பணிப்பாளர் தொடர்ந்தார், “அறுபத்து மூன்றாம் வீடு தேசிய நிலைக்கு உயர்த்தப்பட்டுவிட்டபடியால், அதைச் சுற்றியுள்ள வீடுகளை இப்போதைக்கு வழங்க முடியாது. மனிதர் குடியிருந்தால் அசைவு உண்டாகும். குழந்தைகள் ஓடுவார்கள். நீங்கள் அறிவியலுக்குச் செய்யும் தியாகத்தை நான் அறிக்கையில் குறிப்பிடுவேன்.”

வட்டத்தின் ஆரை எவ்வளவு தூரம் என்று ஒரு கிழவர் கேட்டார். ஆராய்ச்சி முடிவில்தான் தெரியும் என்றார் பணிப்பாளர். அன்றோடு வீட்டுத்திட்டம் முழுவதும் வட்டத்துக்குள் போயிற்று.

முஸ்தாக் கட்டாரிலிருந்து வந்து இறங்கினான். முகாமுக்கு வந்து, மாமிக்கு ஒரு கம்பளியும் றிப்னாவுக்கு ஒரு போனும் கொடுத்து, தகரக் கொட்டிலில் குனிந்தபடி தேநீர் குடித்தான். நல்ல பிள்ளை. “எனக்கெண்டா ஒண்டுமில்ல மாமி. உம்மாட ஆக்கள்தான்,” என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னான். அன்று பின்னேரம் ஸுல்பிகா ஆளனுப்பினாள்: வியாழக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்தபிறகு பெரியவர்களோடு வருவார்கள், வீட்டைக் காட்டினால் மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள், இல்லாவிட்டால் எழுதியதை முறித்துவிட்டுப் போவார்கள்.

அதே வியாழக்கிழமைதான் பிரதி அமைச்சர் அணுக்களைப் பார்க்க வருவதாக இருந்தது.

புதன்கிழமை மாலை, விளக்குமாற்றைச் சாத்தும்போது லைலா துஷாந்தினியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அழாமல் சொன்னாள். துஷாந்தினி கேட்டுவிட்டு, கண்ணாடி துடைக்கும் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“நாளைக்கு ஒருத்தரும் உள்ள போகப் படாதெண்டு பணிப்பாளர் சேர் சொல்லியிருக்கார்,” என்றாள். “மூச்சுச் சூடுகூடப் படப் படாதாம். பந்தலில பெரிய திரை கட்டி, கேபிளால படம் காட்டுறம். நானும் வெளியிலதான் நிப்பன். காலமை நீங்க மட்டும் வந்து கூட்டிப்போட்டுப் பூட்டவேணும்.” திறப்பை எடுத்து லைலாவின் கையில் வைத்தாள். “உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் இருக்கு உம்மா. நல்ல தாழ்ப்பாள். வீடு கட்டினவங்கள் குறை வைக்கேல்ல.”

வியாழக்கிழமை வயலோரத்தில் பந்தல் நிரம்பியது. அசைவு கூடாத இடத்துக்கு இருபது வாகனங்கள் ஊர்வலமாக வந்தன. றபான் அடித்தார்கள், மேளம் அடித்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெயிலில் கொடி ஆட்டினார்கள். இத்தனைக்கும் திரையில் வெள்ளைப் புள்ளி எப்படியோ தாக்குப்பிடித்து நடுங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு விருந்தினர் இருவர் முன்வரிசையில் இருந்தார்கள். பிரதி அமைச்சர் பேசினார்.

“இந்தப் பிரதேச மக்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். சுனாமி வந்தது, பொறுமையாக இருந்தார்கள். யுத்தம் நடந்தது, பொறுமையாக இருந்தார்கள். வீடு கட்டினோம், கொடுக்கவில்லை. அப்போதும் பொறுமையாக இருந்தார்கள். இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அசையாத அணுவுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இந்த நாட்டில் எங்கே இருக்கிறது? உங்களை இந்த நிலைக்குக் கொண்டுவர நாங்கள் எவ்வளவு பாடுபட்டோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.”

கைதட்டினார்கள். அந்த வேளையில் அறுபத்து மூன்றாம் வீட்டின் பின்கதவால் றிப்னா பாய்ச்சுருளோடு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் முகாம் பெண்கள் நாலுபேர் ஒரு பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சட்டி, பானை, மூன்று அடுப்புக்கல், பால் போத்தல் எல்லாம் போயின. லைலா தாழ்ப்பாளைப் போட்டாள்.

பெட்டகம் அறைக்குள் திரும்பும்போது இரும்பு மேசையில் இடித்தது. நன்றாகவே இடித்தது. லைலா அதைத் தடுக்கவுமில்லை, அதற்காக வருந்தவுமில்லை. பிறகு ஜன்னலுக்குப் போய்க் கறுப்புக் கடதாசியை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் கிழித்தாள். அந்த அறைக்குள் முதன்முதலாக வெயில் விழுந்தது.

பந்தலில் வெள்ளைப் புள்ளி ஒருதரம் துடித்து, பரந்து, திரையெல்லாம் வெள்ளையாகி, இல்லாமற்போனது.

பிரதி அமைச்சர் இதுதான் ஆராய்ச்சி என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார். அவர் தட்டியதால் மேடை தட்டியது. மேடை தட்டியதால் பந்தல் முழுவதும் தட்டியது. வெளிநாட்டுக்காரர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, தாங்களும் மெதுவாகத் தட்டினார்கள். பணிப்பாளர் மட்டும் தட்டவில்லை. வீட்டுக் கூரையிலிருந்து விறகுப் புகை எழும்புவதை அவர் பார்த்துவிட்டார்.

ஓடிவந்து கதவைத் தட்டினார். உள்ளே ஸலவாத் ஓதும் சத்தம் கேட்டது. புது வீட்டில் குடிபுகும்போது பால் காய்ச்சி, நபியை வாழ்த்தி ஸலவாத் ஓதுவது அவர்கள் வழக்கம்.

“திறப்பு எங்கே?” என்று அவர் துஷாந்தினியைப் பார்த்துக் கத்தினார்.

“உள்ளதான் சேர்,” என்றாள் துஷாந்தினி. அவள் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவசரப்படவில்லை.

பொலிஸ்காரர் இருவர் வந்தார்கள். கதவை உடைக்கலாமா என்று சரீப் சேரிடம் கேட்டார்கள். சரீப் சேர் தலைக்குமேல் மின்விசிறியைத் தேடினார்; அங்கே வானம்தான் இருந்தது. குடிவந்தவர் பெயரில்தான் வீடு, ஆகவே உடைக்கச் சொல்லித் தன்னால் எழுதித் தர முடியாது என்றார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் அவர் தாமதமில்லாமல் சொன்ன பதில் அது ஒன்றுதான். இதற்குள் அறுபத்து நான்காம் வீட்டுப் பூட்டில் யாரோ கல்லால் அடிக்கும் சத்தம் கேட்டது. அதற்கப்பால் இன்னொரு பூட்டு. முகாமிலிருந்து வயல் வரம்பு வழியாகப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வந்தார்கள். எந்த வீடு எந்த இனத்துக்கு என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை.

லைலா ஜன்னலைத் திறந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது, அழுததால் அல்ல.

“கதவைத் தட்டாதீங்க சேர், பால் பொங்குது. அஸருக்குப் பொறகு மாப்பிள்ளை வருவார். வந்தா நீங்களும் ஒரு வாய் குடிச்சிட்டுப் போகலாம்.”

“அம்மா, நீங்கள் செய்தது என்ன தெரியுமா?” பணிப்பாளர் ஜன்னலடிக்கு வந்தார். “அந்த அணுக்களை நான் இனி எங்கே கொண்டுபோய் வைப்பேன்?”

“முகாமுல எங்கட கொட்டில் காலிதான், சேர்,” என்றாள் லைலா. “அதுகளை அங்க கொண்டுபோய் வையுங்க. அஞ்சாறு வருஷத்துல ஒரு ஊடு குடுப்பாங்க.”